ஒரு சாண் உள்ளே

— அதை உங்க அண்ணனைப் போய்க் கேளு தம்பி. எண்பது கிலோ பாரைத் தோள்ல தாங்கி ரெண்டு தடவை உக்காந்து எழுந்தேன். ரெண்டு தடவையும் அந்த இடது பக்க நாற்காலியிலேர்ந்து சிவப்பு விளக்கு.

— நடு நாற்காலியும் சிவப்புதான் அண்ணி. ரெண்டு சிவப்பு, ஒரு வெள்ளை. ரெண்டு சிவப்பு விழுந்தாலே ஃபெயில். அண்ணனை மட்டும் குத்தம் சொல்றதுல லாஜிக் இல்லை.

— கட்டின பொண்டாட்டிக்குச் சிவப்பு போடுறதுல இருக்கா?

— ஜட்ஜ் ஒருத்தர் வரலைன்னு அவரைப் பிடிச்சு உக்கார வெச்சாங்க. அவர் என்ன செய்வார்? சர்வேயர் கண்ணு. அடுத்தவன் வேலியை அரை அங்குலம் தள்ளிப் போட விடாத மனுஷன், உங்க இடுப்பை விடுவாரா? முட்டிக்குக் கீழே இறங்கலைன்னா இறங்கலைதான்.

— சரி, இறங்கலை. ஏன் இறங்கலை? காலை அகட்டி நிக்கச் சொன்னது யாரு?

— அகட்டி நின்னா பார் போற தூரம் கம்மி. சிம்பிள் லாஜிக். நம்ம ஜிம்ல எவ்வளவு அழகா எழுந்தீங்க.

— உன் ஜிம்ல பின்னாடி பெஞ்ச் இருந்துச்சுப்பா. மெத்தை வெச்ச பெஞ்ச். பட்டதும் அதுவே தூக்கி விட்டுடும். இங்கே மேடையில எந்த பெஞ்ச் இருக்கு? பாதி வழியில இடுப்பு பூட்டு போட்ட மாதிரி நின்னுடுது. அங்கேயிருந்து மேலே வர்றதுக்குள்ள உயிர் போகுது.

— எவ்வளவு இறங்கணும்னு உடம்புக்குத் தெரியணுமே, அதுக்கு வெச்ச பெஞ்ச் அது.

— யாரு கால் அளவுக்கு வெச்சே?

— என் கால் அளவுக்கு.

— நீ ஆறடி. நான் அஞ்சடிகூட இல்லை. உனக்குப் பள்ளமா இருக்கிறது எனக்கு சோபா.

— இதெல்லாம் வீட்ல போய்ப் பேசிக்கலாம். மூணாவதும் போச்சுன்னா போட்டியை விட்டே வெளியே. மத்த ரெண்டு வகைத் தூக்குக்கும் மேடை ஏற விட மாட்டாங்க.

— அதனாலதான் காலை ஒரு சாண் உள்ளே வெக்கப் போறேன்.

— வேணாம் அண்ணி. பழகாததை மேடையில செய்யக் கூடாது.

— பழகாததா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கட்டிலுக்கடியில உங்க அண்ணன் செருப்பைத் தேடறேன். அப்ப என்ன காலை அகட்டியா உக்கார்றேன்? தோள் அகலத்துக்கு வெச்சு, குதிகாலை ஊனி, அப்படியே மடங்கிப் போவேன். தொடை ஆடுசதை மேல வந்து உக்காரும். அந்த இடத்துல ஒரு துள்ளல் கிடைக்கும் பாரு, உன் மெத்தை எல்லாம் பிச்சை வாங்கணும்.

— கையில செருப்போட எழுறது வேற, தோள்ல எண்பது கிலோவோட எழுறது வேற. தூரம் கூடும். முட்டி முன்னாடி போகும்.

— போகட்டுமே. என்னை விட்டுட்டா போயிடும்?

— ஜிம் வாசல்ல உங்க படம் போட்டு பேனர் கட்டியிருக்கேன். அதையாவது கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

— பேனர்ல இடுப்புக்கு மேலதான் இருக்கேன். கால் எங்கே இருந்தா உனக்கென்ன?

— மைக்ல கூப்பிடறாங்க. கடைசியா ஒரு தடவை சொல்றேன்…

— கண்ணாடியைப் பிடி. பெல்ட்டை இழுத்து மாட்டு. பேச்சைக் குறை.

— வெச்சுட்டாங்க. உள்ளேயே வெச்சுட்டாங்க, சொல்லச் சொல்லக் கேக்காம. சரி அண்ணி, மூச்சைப் பிடிங்க. இறங்குங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். அடேயப்பா, போதும், போதும், எழுந்திருங்க. எழுந்துட்டாங்க. என்னமா எழுந்துட்டாங்க.

— என்ன விளக்கு தம்பி? கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியலை.

— ரெண்டு வெள்ளை. பாஸ் அண்ணி. இன்னும் போட்டியில இருக்கீங்க.

— மிச்சம் ஒண்ணு?

— சிவப்பு.

— எந்தப் பக்கம்?

— இடது பக்கம்.

— ம்.

— அதை விடுங்க. நான்தான் சொன்னேனே, சில உடம்புவாகுக்குக் காலை உள்ளே வெச்சாத்தான் ஆழம் வரும். சிம்பிள் லாஜிக்.

— சொன்னே, சொன்னே. அதையும் பேனர்ல எழுதிடு.

— அண்ணன் வர்றார். கொஞ்சம் பொறுமையா…

— வாங்க சர்வேயர் சார். நாற்காலியை விட்டு இறங்க மனசு வந்துச்சா?

— இடைவேளை விட்டாங்க. அதாவது… தோள் வலிக்குதா? தண்ணி குடிச்சியா நீ?

— தண்ணி இருக்கட்டும். தரையில உக்காராத குறைதான். அதுக்கும் சிவப்பா? எத்தனை அங்குலம் குறைஞ்சுதுன்னு அளந்து சொல்லிட்டுப் போங்க.

— நானே பாத்தேன்ணா. சுத்தமா கீழே போனாங்க.

— போயிருப்பா. நான் இல்லைன்னு சொல்லலையே.

— அப்புறம் எதுக்குச் சிவப்பு?

— அதாவது… கண்ணால பாக்காததுக்கு வெள்ளை போட எனக்கு மனசு வரலை. அவ்வளவு கனத்தோட நீ இறங்க ஆரம்பிச்சதும் நான் கண்ணை இறுக்கி மூடிக்கிறேன். மூணு தடவையும்.