பெருக்காமல் விட்ட இடம்

என் பெயர் கதிரேசன், தந்தை பெயர் சுயம்புலிங்கம், வயது எழுபத்து நான்கு, அடையாறில் மகள் வீட்டு மாடியில் வசித்து வருகிறேன், கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கோர்வையாகப் பேச வராது என்பதால் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டு காவல் நிலையத்துக்கு வந்தேன். உதவி ஆய்வாளர் அதையே முதலில் எழுதிக்கொண்டார்.

1. தோப்பில் சருகைப் பெருக்கி எரித்ததால் நத்தைகள் குறைந்தன.
2. மிஞ்சிய நத்தைகளைப் புதிய நடைபாதை இரண்டாகப் பிரித்தது. ஆகவே பாதையின் குறுக்கே சருகு கிடப்பது அவசியம்.
3. அந்தச் சருகைப் பெருக்க வேண்டாம் என்று பச்சையம்மாவிடம் சொன்னது நான்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஆற்றை ஒட்டி, ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தமான மரத்தோப்பு இருக்கிறது. உறுப்பினர்கள் அங்கே நடக்க வருவார்கள். நான் நத்தை பார்க்கப் போவேன். செடியைத் தின்னும் பெரிய ஆப்பிரிக்க நத்தை அல்ல, விரல் நகம் அளவே உள்ள பழுப்பு நத்தை. ஈரச் சருகுக்கு அடியில் வாழும். சூடான தரையைக் கடக்காது. ராகவேந்திரன் என்பவர் செயலாளரான பிறகு புதர்களை வெட்டி, தோப்பின் நடுவே சிமெண்ட் கல் பதித்து நடைபாதை போட்டார், அதன் பிறகு தினமும் சருகைப் பெருக்கி எரிக்கச் சொன்னார், அதன் பிறகு சாம்பலைக் கிளறினால் வெந்த ஓடுகள் சுண்ணாம்புபோல் வெள்ளையாகக் கிடந்தன.

பின்னர் பாதையின் இரு பக்கத்திலிருந்தும் சில நத்தைகளை எடுத்து, என்னிடம் படித்து இப்போது மரபணு ஆய்வுக்கூடத்தில் இருக்கும் ஸ்ரீரஞ்சனியிடம் கொடுத்தேன். ஆற்றுப்பக்க நத்தைகளின் மரபணுவில் வேறுபாடு நிறைய இருக்கிறது, தெருப்பக்கத்தில் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கின்றன என்று அவர் தெரிவித்தார். சிறு கூட்டம் தனித்துப்போய்த் தனக்குள்ளேயே இனம் பெருக்கினால் அப்படி ஆகும். ஒரு கடும் கோடை வந்தால் அத்தனையும் சேர்ந்து சாகும். பிரித்தது நடைபாதைதான் என்று முடிவு செய்து செயலாளரிடம் போனேன்.

அவர் சிரித்தார். "சார், தெருப்பக்கம் காடே இல்ல. பழைய புயல்ல விழுந்ததை மொத்தமா வழிச்சுட்டு, நர்சரி கன்னு வாங்கி நட்டது. எந்த நத்தையை யார் பிரிச்சா?" என்றார். என்னைக் கிளப்புவதற்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மரங்கள் அங்கே அவ்வளவு உயரமாக நிற்கின்றன.

அதன் பிறகு தோப்பைப் பெருக்கும் பச்சையம்மாவிடம் கேட்டேன். பட்டினப்பாக்கத்திலிருந்து வருபவர். பிரிந்த நத்தைகள் கடந்து சேர, பாதையின் குறுக்கே ஒரு பாய் அகலத்துக்குச் சருகை விட்டுவிடச் சொன்னேன், காய்ந்தால் நத்தை வராது, தண்ணீர் தெளிக்க வேண்டும் என்றும் சொன்னேன். "இன்னா சார், நத்தைக்கு ஜீப்ரா கிராஸிங் போட்றியா?" என்றார். பிறகு செயலாளர் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டார். என் பெயரைச் சொல்லும்படி கூறினேன்.

கடந்த வாரம் காலையில் நடக்க வந்த ஜானு அம்மாள் அந்த ஈரச் சருகில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருக்கிறார். அவரைக் கொண்டுபோன பிறகு, வேலையை ஏமாற்றியதாகச் செயலாளர் எல்லோர் முன்பும் பச்சையம்மாவைத் திட்டினார். அவர் என்னைக் காட்டி, "சார்தான் உடச் சொன்னாரு. கேட்டுப் பாரு" என்றார். ஆமாம், நான்தான் என்றேன். அது பிறர் காதில் விழும்படி சொன்னேனா என்பதை என்னால் உறுதியாகக் கூற முடியவில்லை. "பெரியவர் பேரை ஏன் இழுக்குற?" என்று செயலாளர் அவரை வெளியே போகச் சொன்னார். நான் மறுபடி சொல்லவில்லை. பச்சையம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அவருக்கு வேலை போனதும், கவனக்குறைவு என்று அவர் மீது புகார் கொடுக்கப்பட்டதும் அறிந்து, நானாகவே நிலையத்துக்கு வந்தேன். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

இதுவரை எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டும்போது ஸ்ரீரஞ்சனி தொலைபேசியில் அழைத்தார். "நடைபாதை இல்ல சார். அது போட்டு நத்தைக்கு ரெண்டு மூணு தலைமுறைகூட ஆகலை, அதுக்குள்ள இவ்வளவு மாறாது. தெருப்பக்கம் இருக்கறது எல்லாம் வெளியிலேர்ந்து வந்த ஏதோ நாலைஞ்சு நத்தையோட வம்சம். கன்னு மண்ணோட வந்திருக்கும்" என்றார். ஒரு மாற்றத்துக்கு எத்தனை தலைமுறை வேண்டும் என்று வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டியவன் நான். செயலாளர் சொன்னது சரி. அந்தச் சருகால் சேர்த்து வைப்பதற்கு அங்கே பிரிந்துபோனது எதுவும் இல்லை.

இரண்டாவதை அடித்துவிடலாமா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். ஒன்றும் மூன்றும் நான் அறிந்த உண்மை. இரண்டாவது தவறு, அதை நம்பித்தான் பச்சையம்மா அந்த இடத்தைப் பெருக்காமல் விட்டார்.

(ஒப்பம்)
சு. கதிரேசன்