தடித்த கைப்பிடி

– அந்தத் திருகாணியை விடுங்கோ விமலேஸ்வரி ரீச்சர். இந்தத் தையல் மெசினை நான் கழட்ட விடமாட்டன்.

– என்ன ஜவாஹிர் சேர், காலமை துவங்கி முகத்தைச் சுழிச்சுக்கொண்டு நிக்கிறியள்? பழைய சாமானைக் கழட்டிப் பாத்துப் படிப்பிக்கிறது எப்பிடியெண்டு பழக்கத்தானே எங்களைக் கூப்பிட்டவை?

– பழக்கவோ? கொழும்பால வந்தவர் மெசினில விரல் பட்டாலே கைலேஞ்சியால துடைக்கிறார். கழட்டின துண்டுகளைப் பலகையில ஆணி அடிச்சு, நாளைக்குப் பெரியாக்களுக்குக் காட்டோணுமாம். திருப்பிப் பூட்டுற கதையே இல்லை. சீ, இது தொழில்நுட்பப் பாடமோ, இறைச்சிக்கடையோ?

– நல்லாச் சொன்னியள் போங்கோ. சண்டைக்குள்ள பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓட்டின சனம் நாங்கள். எங்களுக்கு இவர் கழட்டப் பழக்கிறார். ஆனால் சும்மா நிண்டால் சேட்டிபிக்கற் தருவினமே?

– மெசின் ஓடுது ரீச்சர். ஓடுறதை ஆரும் ஆணி அடிப்பினமோ?

– என்ர வீட்டு மெசின்தானே, ஓடினாலும் எனக்குச் சரிவராது. சுத்துற கைப்பிடியைப் பாருங்கோ, உலக்கை மாதிரி. ஒரு சட்டை தைக்க முன்னம் கை உளைஞ்சுபோகும்.

– எங்க வாங்கினது?

– மாமா எடுத்தவர். தொண்ணூறில, ஏலத்தில.

– என்ன ஏலம்?

– அது... உங்கட ஆக்களை இயக்கம் ஊரை விட்டு அனுப்பின நேரம், சேர். முஸ்லிம் ஆக்கள் விட்டிட்டுப் போன வீட்டுச் சாமானுகளை வித்தவங்கள். நான் அப்ப கலியாணம் கட்டி வரேல்லை. பிறகு கேள்விப்பட்டு, தொடவே அரியண்டமாக் கிடந்தது.

– அரியண்டம் எண்டு சொல்லிப்போட்டுத் தைச்சனீங்கள்தானே.

– தைச்சனான். பிள்ளையளுக்குச் சட்டை வேணுமே. இப்ப சண்டை நிண்டு பாதை திறந்து நீங்களெல்லாம் திரும்பி வந்திட்டியள். மெசின் சத்தம் ரோட்டுக்குக் கேக்குமெண்டு யன்னலைச் சாத்திப்போட்டுத்தான் தைக்கிறனான். துண்டு துண்டாப் போனால் நிம்மதி எண்டுதான் இங்க கொண்டு வந்தனான்.

– சீ.

– ஏசுங்கோ. ஆனால் வேலையை முடிப்பம், அவர் இந்தப் பக்கம் வாறார். தந்த தாளில கேட்டிருக்கினம், இந்தப் பகுதியை ஏன் இப்பிடிச் செய்தது? கைப்பிடி ஏன் இவ்வளவு தடிப்பு, சேர்?

– விரல் முழுக்க மடங்காத ஆள் பிடிக்கிறதுக்கு. பாலைக்கட்டையில செதுக்கினது.

– பாத்த உடன எப்பிடிச் சொல்லுறியள்? சரி, எழுதுறன். அடுத்தது, ஆருக்காகச் செய்தது?

– எழுதுங்கோ ரீச்சர். எங்கட உம்மாவுக்கு.