ஏழு ரவுண்டு

பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள் மடியில் புதுச் சான்றிதழ். ஊர்ப் பெண்களுக்குச் சைக்கிள் சொல்லித்தரப் போகிறவர்களுக்கான பயிற்சியில் முதலிடம் என்று போட்டிருந்தது.

“எல்லாம் தெரியும்க்கா. எறங்கறதுதான் தெரியாது” என்றாள்.

“பின்ன எப்படிடி பாஸு பண்ண?”

“பயிற்சியில எப்பவும் ஒருத்தி பின்னாடி கேரியரப் புடிச்சிக்கிட்டே வருவா. அவ நிறுத்துவா, நான் எறங்குவேன். பரிச்சையில தனியா ஒரு ரவுண்டு வரச் சொன்னாரு சாரு. நிறுத்தத் தெரியாம ஏழு ரவுண்டு சுத்துனேன். இந்தப் பொண்ணுக்குத்தான் ஆர்வம் அதிகம்னு மொத எடம் குடுத்துட்டாரு.”

“அப்புறம் எப்படித்தான் எறங்குன?”

“வேப்பமரத்தக் கட்டிப் புடிச்சிக்கிட்டேன். சாரு குனிஞ்சி மார்க்கு போட்டுக்கிட்டு இருந்தாரு.”

“நாளைக்கி ஒங்கிட்ட கத்துக்க பத்து பொம்பளைங்க வராங்களேடி. நானும்ல பேரு குடுத்துருக்கறன்! எறங்கறது எப்படின்னு கேட்டா?”

“மொதல்ல ஏறுங்கக்கா. எறங்கறது அடுத்த வாரம்.”

பீங்கான் கம்பெனி நிறுத்தம் வந்தது. அங்கே டிரைவர் வேகத்தைக் குறைப்பாரே தவிர நிறுத்தமாட்டார். சின்னவள் சான்றிதழை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸிலிருந்து அலுங்காமல் குதித்தாள். பெரியவள் படியில் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

சின்னவள் பஸ்ஸோடு ஓடிவந்து கத்தினாள்:

“எடது கால மொதல்ல வெச்சி, கூடவே ரெண்டு எட்டு ஓடுங்கக்கா. எறங்கறதுல என்னா இருக்குது!”