பன்னண்டு தட்டு

— இதுவும் இல்லீங்க அண்ணி. தப்புன்னு காட்டுது.

— தேவிப்ரியான்னு எழுத்துக் கூட்டி சரியா அடிச்சியா, பாலமுருகா?

— மூணு விதமா அடிச்சிட்டேங்க. வி போட்டு, டபிள்யூ போட்டு, கடைசில ஒரு ஏ சேத்து. பொண்ணு பேரு இல்ல, பொண்ணு பொறந்த தேதி இல்ல, வண்டி நம்பர் இல்ல, படவேட்டம்மன் பேரு இல்ல. பேஜாரா கீதுங்க. சம்பந்தண்ணன் பாஸ்வேர்டா வேற இன்னாதான் வெச்சிருப்பாரு?

— என்னாத்தக் கண்டேன் நானு. எங்கிட்ட சொல்லிட்டா பூட்டினாரு? நீதான தம்பி வந்து பூட்டிக் குடுத்த.

— சாப்ட்வேர் போட்டுக் குடுத்தேன், அவ்ளோதாங்க. சாவி அண்ணன் மனசுல. பாஸ்வேர்டு அடிக்கிறப்ப "அந்தாண்ட திரும்புறா"ன்னாரு. திரும்பி நின்னேன்.

— பொடவை டிசைன் எல்லாம் அந்த டி டிரைவுலதான கீது? அதக் கழட்டி எடுத்துனு போயி கண்ணமங்கலத்துல உன் கடை கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாரேன்.

— மாட்டலாங்க. அரைச்ச மாவு மாதிரிதான் தெரியும். எது அரிசி, எது உளுந்துன்னு யாராலயும் பிரிக்க முடியாது. பாஸ்வேர்டு அடிச்சாதான் அது மறுபடி டிசைனாவும்.

— அந்த சாப்ட்வேர செஞ்சவன் இருப்பான் இல்ல, அவனக் கேட்டா?

— செஞ்சவனாலயே முடியாதுங்க. அதத் தெரிஞ்சிகினுதான் அண்ணன் கேட்டு வாங்கினாரு. கம்ப்யூட்டரையே தூக்கினு போனாலும் ஒரு பூகூட வெளிய போவக் கூடாதுன்னாரு.

— இப்ப வீட்டுக்குள்ளயே வெளிய வரல. நல்லா இருக்குது நாயம். எல்லப்பன் காலைல வந்து வாசல்ல நின்னுட்டுப் போறான். அவன் தறியில கல்யாணப் பொடவை, முந்தானி பாதில நிக்குது. தறி மேல ஓடுற ஓட்ட அட்டையில அறுவது எலி கடிச்சிப் போச்சி. அறுவது அட்டை குத்த எனக்கு எவ்ளோ நேரம் ஆவும்? ஒரு காலைப் பொழுது. ஆனா எந்த அட்டையில எங்க ஓட்ட விழணும்னு இந்தப் பெட்டிக்குள்ளதான கீது.

— கிராப் பேப்பர்ல வரைஞ்சது இருக்குமே?

— எல்லாத்தையும் கொல்லையில போட்டு எரிச்சிட்டாரு, நீ பூட்டிக் குடுத்த அன்னிக்கே. வெள்ளிக்கெழமைக்குள்ள குடுக்கலன்னா எல்லப்பன் வேற டிசைன்காரன்கிட்ட போயிடுவான். அவன் பின்னாலயே சேவூர்ல நம்மள நம்பி ஓடுற ஒம்போது தறியும் போயிடும். அப்புறம் நான் இந்தக் குத்துற மிஷின வெச்சிகினு இன்னா பண்றது? அவருக்கு மருந்து வாங்குறது எதுல?

— அண்ணன் உள்ள முழிச்சிகினுதான கீறாரு? நான் ஒரு வாட்டி கேட்டுப் பாக்கட்டுமா?

— நான் கேக்காமலா? பக்கவாதம் அவரு வாயையும் வலது கையையுந்தான் வாங்கிச்சி. காது நல்லா கேக்குது, புத்தி தெளிவா கீதுன்னு வேலூர் டாக்டர் சொல்லிட்டாரு. அட்டை பின்னால ஏபிசிடி பெருசு பெருசா எழுதி இடது கையாண்ட பிடிச்சேன். "தொட்டுக் காட்டுங்க, போதும்"னேன். சுவத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிகினாரு. மூணு நாளா இதே கூத்து.

— முடியாம இருக்கும்ங்க.

— முடியாம இல்ல. கஞ்சி வேணும்னா தொட்டுக் காட்டுறாரு, பேன் வேணும்னா தொட்டுக் காட்டுறாரு. இதுக்கு மட்டும் கை வரல. எனக்குக் குடுக்க மனசு இல்ல, அவ்ளோதான். வாயில ஊட்டி, கீழ தொடச்சி வுடுறவளுக்கு இந்த ஒரு வார்த்தை குடுக்க மனசு இல்ல.

— அழாதீங்க அண்ணி. எத்தினி எழுத்துன்னு தெரிஞ்சாக்கூட ஒரு வழி பொறக்கும்.

— பன்னண்டு தட்டு.

— எப்டீங்க தெரியும்?

— காது இருக்குதே. காலைல அவரு பெட்டியத் தொறக்கிறப்ப நான் தடுப்புக்கு இந்தாண்ட மிஷின்ல ஒக்காந்திருப்பேன். பதினெட்டு வருசமா அட்டை குத்துறேன் தம்பி. எந்தக் கட்டை விழுது, எந்தக் கட்டை விழலன்னு சத்தத்துலயே சொல்லுவேன். அவரும் ஒத்த வெரல்லதான அடிப்பாரு. மொதல்ல நாலு தட்டு. அப்புறம் தொப்புன்னு ஒரு கனத்த சத்தம். அதுக்கப்புறம் ஏழு.

— இருங்க, இருங்க. இந்த நீளக் கட்டை சத்தமா? கேளுங்க.

— அதேதான்.

— அது எடம் வுடுறதுங்க. அப்ப ரெண்டு வார்த்தை. நாலெழுத்து ஒண்ணு, ஏழெழுத்து ஒண்ணு. இத மொதல்லயே சொல்லி இருக்கலாமே அண்ணி!

— இதெல்லாம் ஒரு சேதின்னு யாருக்குத் தெரியும்? மொதோ மூணும் வெரல் நகராம ஒரே எடத்துல டக்டக்டக்குன்னு விழும். நாலாவது கொஞ்சம் தள்ளி. அந்த நாலாவது கட்டை மட்டும் கிறீச்சுங்கும்.

— கிறீச்சுங்குதா? நான் ஒவ்வொண்ணா அமுக்குறேன், கண்ண மூடிகினு கேளுங்க. இது?

— இல்ல.

— இது?

— இல்ல.

— இது?

— அதான்! அது இன்னா எழுத்து?

— ஐ. அப்ப நாலாவது எழுத்து ஐ. மொதோ மூணும் கிட்ட கிட்ட… எஸ், ஏ… எஸ்… அண்ணி, உங்க பேருங்க. சசி!

— எம்பேரா?

— வேற எதுவும் ஒக்காரலீங்க. சசிகலாவ சசின்னுதான அண்ணன் கூப்புடுவாரு?

— எம்பேரயா வெச்சாரு? தம்பி, நீ எப்ப வந்து இந்தப் பூட்டுப் போட்ட?

— தை மாசங்க. பொங்கல் கழிச்சி நாலாம் நாளு.

— நம்ம வேலைக்காரப் பையன் வேடியப்பன் மாட்டினது போன வருசம் ஆடியில. அப்ப அதுக்கு அப்புறம்தான் இந்தப் பேர வெச்சிருக்காரு. இல்ல?

— ஆமாங்க. இன்னா ஆச்சி அண்ணி, அழுதுகினே சிரிக்கிறீங்க?

— உனக்கு முழுசும் தெரியாது. நம்ம டிசைனு, நம்ம தறியிலருந்தே எறங்கல, கடைத்தெருவுல வேற ஒருத்தன் பொடவையில தொங்குச்சி. நான்தான் சேவூர்ல இருக்கிற எந்தம்பி சரவணனுக்குக் குடுத்தேன்னாரு. தெருவே கேக்க ஒரு வார்த்தை சொன்னாரு. எந்தம்பி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னுட்டாரு. தேவிப்ரியா வயசுக்கு வந்தா. தாய்மாமன் சீர் இல்லாம எம்பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தினேன் தம்பி. தட்டு வரிசையோட அவன் தெருமுனையில ஆட்டோவுல ஒக்காந்திருந்தான், கூப்புடுவாங்கன்னு. யாரும் கூப்புடல.

— அப்புறந்தான் வேடியப்பன் பையில டிசைன் காப்பி பண்ணின பிளாப்பி கெடச்சிதா?

— எட்டு பிளாப்பி. கூலிக்கு வேலை பாத்த பையன்தான, யாரும் சந்தேகப்படல. கால்ல விழுந்து ஒத்துகினான். அன்னிக்கு இவரு எங்கிட்ட இன்னா சொன்னாரு தெரியுமா? "சரி வுடு, சோத்தப் போடு"ன்னாரு. அவ்ளோதான் மன்னிப்பு. நானும் போட்டேன். ஒரு வருசமா நெஞ்சுல முள்ளாட்டம் அது. இப்பதான் தெரிது, வாயால சொல்ல வராம எம்பேர பூட்டுல வெச்சிகினு இருந்திருக்காரு மனுசன். நான் அவரப் போயி… ச்சே.

— சரிங்க, ரெண்டாவது வார்த்தை ஏழெழுத்து. இன்னா சொல்லிக் கூப்புடுவாரு?

— கல்யாணம் ஆன புதுசுல… உங்கிட்ட சொல்லவே கூச்சமா கீது. சசி தங்கம்னு கூப்புடுவாரு.

— தங்கம். டி, எச், ஏ, என், ஜி, ஏ, எம். ஏழு! கரெக்டா ஒக்காருது அண்ணி. வந்துருச்சிங்க, அடிக்கிறேன்.

— அடி தம்பி. ஜல்தியா அடி.

— …இல்லீங்க. தப்புங்குது.

— எச் இல்லாம அடிச்சிப் பாரு.

— அப்ப ஆறெழுத்து ஆவுதே. நீங்க ஏழு தட்டுன்னு சொன்னீங்க.

— ஏழுதான். அதுல தப்பு வராது.

— இந்த ஏழுலயும் அந்தக் கிறீச்சு வருதுங்களா? யோசிச்சிச் சொல்லுங்க.

— வருது. மூணாவது தட்டுல ஒண்ணு. கடைசித் தட்டுல ஒண்ணு.

— அப்ப தங்கம் இல்லீங்க. மூணாவது ஐ, ஏழாவது ஐ. முன்னால இருக்கிற ரெண்டும்?

— கிட்ட கிட்ட விழும், நீ தங்கத்துக்கு அடிச்ச மாதிரியே.

— டி, எச், ஐ. தின்னு ஆரம்பிக்குது. ஐயில முடியுது. திருமதியா? இல்ல, அது பத்து. திருத்தணியா? பெருசு. அண்ணி? வேற எதனா தோணுதுங்களா?

— தெருவே கேக்க ஒரு வார்த்தை சொன்னாருன்னு சொன்னேன் இல்ல.

— ஆமாங்க.

— அத அடி.

— இன்னான்னு சொன்னாதான அடிக்க முடியும்?

— திருடி.

— அண்ணி… வேணாங்க. அப்டி இருக்காது. தை மாசத்துல போட்டதுங்க இது. வேடியப்பன் ஒத்துகினதுக்கு அப்புறம்.

— எழுத்த எண்ணு.

— டி, எச், ஐ, ஆர், யூ, டி, ஐ.

— எத்தினி?

— ஏழு.

— அடி.

— நாளைக்கு வந்து பாக்கலாங்க. வேற எதனா ஞாபகம் வரும்.

— எல்லப்பன் தறி நிக்குது தம்பி. அடி.

— …தொறந்துகிச்சிங்க.

— டிசைனு எல்லாம் கீதா?

— கீதுங்க. முந்நூத்திப் பதினாலு. ஒண்ணும் போவல.

— எல்லப்பன் முந்தானிய எடுத்துக் குடு. ஒக்காந்தா மத்தியானத்துக்குள்ள குத்திடுவேன். ஏபிசிடி காட்டினப்ப மூஞ்சிய ஏன் திருப்பிகினாருன்னு இப்பதான் வெளங்குது. ஏழு மாசமா காலைல எழுந்திரிச்சி, நான் வெச்ச காப்பியக் குடிச்சிட்டு, முதுகுக்குப் பின்னால நான் ஒக்காந்துகினு இருக்கிறப்பவே என்ன அந்த வார்த்தை சொல்லிட்டுதான் வேலையத் தொடங்கி இருக்காரு. நானும் எண்ணிகினு ஒக்காந்திருந்தேன் பாரு.

— ஒரு நிமிசம் குடுங்க அண்ணி. இதத் தூக்கிட்டு பொண்ணு பேர வெச்சிடறேன்.

— மாத்தாத. நாளைலருந்து காலைல நானே அடிக்கிறேன். அவரு உள்ள படுத்துகினு எண்ணட்டும்.