சால்மன் பயணமும் பத்தொன்பது பக்கமும்

மீன் வாடை எனக்கு ஆகாது. எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. அப்படிப்பட்டவன் எதற்காக ஐந்து வருஷமாகச் சால்மன் பிடிக்கும் பயணத்தை நடத்துகிறான் என்று இந்த அதிகாரி அம்மா கேட்டதில் தவறே இல்லை. மீனுக்காக நான் போவதில்லை. திட்டம் போடுவதற்காகப் போகிறேன்.

இதையெல்லாம் பிரெஞ்சில் என்னாலேயே சொல்லியிருக்க முடியும். மொன்றியலுக்கு வந்து முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். வாக்குமூலம் என்பது ஓர் ஆவணம். ஆவணத்தில் பிழை இருக்கக் கூடாது. வந்த பெண் அனோஜினி, யாழ்ப்பாணத்துக்காரர். "ஐயா, கொஞ்சம் ஆறுதலாக் கதையுங்கோ, ஒண்டும் விடாமல் எழுத வேணும்" என்றார். பொறுப்பான பெண். இந்த மாதிரி ஆட்கள் இப்போது குறைந்துவிட்டார்கள்.

என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கர்க்லாண்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து நானே காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். நண்பர் குணசீலன் ஆற்றில் இறந்துபோனது பற்றி நீங்கள் கொடுத்த அறிக்கையில், நான்காவது பத்தியில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் ஜெயராம். சென்ட் லோரன்ட்டில் விமான உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் பாதுகாப்புப் பொறியாளராக இருந்தேன். என் காலத்தில் ஒருவருக்கும் ஒரு விரல் நசுங்கியது கிடையாது. எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் யாரும் இயந்திரத்தைத் தொடலாம். ஓய்வு பெற்றதும் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த டப்பாக்களுக்கெல்லாம் தேதி ஒட்டினேன். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த என் மனைவி அம்புஜம், "வெளியில எதையாவது போய் ஒழுங்கு பண்ணுங்களேன், புண்ணியமாப் போகும்" என்றாள்.

அப்படித்தான் சால்மன் வந்தது. காஸ்பே பக்கத்து ஆறுகளில் ஜூனில் சால்மன் ஏறி வரும். அதற்கு நவம்பரிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். நல்ல மடுக்களில் நின்று பிடிக்கக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். அனுமதிச் சீட்டு, விடுதி, பத்து மணி நேரக் கார்ப் பயணம், இறகால் கட்டிய பொய்ப்பூச்சிகள், எந்த மடுவில் யார் எத்தனை மணிக்கு நிற்பது என்று யோசிக்க யோசிக்க வளரும். பெரிய மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

நாங்கள் மூன்று பேர். அருளம்பலம் டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். குணசீலன் பொருளாதாரப் பேராசிரியர், எங்கள் தெருவிலேயே வீடு. நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எதைச் சொன்னாலும் "பாத்துக்கலாம் சார்" என்பார். அது ஒன்றுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

முதல் வருஷம் எட்டுப் பக்கத் திட்டம் அனுப்பினேன். அவர் அனுமதிச் சீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். இரண்டாம் வருஷம் பன்னிரண்டு பக்கம். பொய்ப்பூச்சி தவிர வேறு எதுவும் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். அவர் ஒரு பை நிறைய உறைந்த இறால் கொண்டு வந்து தூண்டிலில் மாட்டினார். ஆற்றுக் காவலர் எங்களை இரண்டு நாள் கரைப்பக்கமே வரக் கூடாது என்று அனுப்பிவிட்டார். "விடுங்க சார், ஊரச் சுத்திப் பாத்துக்கலாம்" என்றார் குணசீலன்.

போன வருஷம் நடந்ததுதான் பெரிது. அவர் நிற்கக் கூடாத மடுவில், நிற்கக் கூடாத நேரத்தில், ஒரு கையில் டீக் கோப்பையோடு நின்று பதினான்கு பவுண்டு சால்மன் பிடித்தார். இந்த ஜனவரியில் பொங்கல் விழாவில் அந்தப் படத்தைத் திரையில் போட்டார்கள். தலைப்பு, 'பேராசிரியர் குணசீலனின் சால்மன் பயணம்'. ஐ.டி. கம்பெனியில் வேலைக்கு வந்திருக்கும் ஒரு பெண் என்னிடம் வந்து, "அங்கிள், நீங்களும் அவரோட போயிருக்கீங்களா?" என்று அன்பாகக் கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க மாட்டேன். சர்க்கரைப் பொங்கலை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரமே இந்த வருஷத் திட்டத்தை எழுதி முடித்தேன். பத்தொன்பது பக்கம். என் வாழ்க்கையிலேயே சிறந்தது. பதினோராம் பக்கத்தை அப்படியே வாசிக்கிறேன்: 'குணசீலனுக்குரிய ரப்பர் கால்சட்டையில் இடுப்புப் பட்டை இல்லை. பட்டை இல்லாமல் விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பும், எழுந்திருக்க முடியாது. ஆகவே முழங்காலுக்கு மேல் இறங்கக் கூடாது. மூன்றாம் மடுவின் இடது பக்கம் திடீர்ப் பள்ளம். அங்கே போகவே கூடாது.'

மூன்று பேருக்கும் அந்தக் கால்சட்டைகளை வாங்கியது நான். ஆற்றில் இறங்கி நிற்பதற்காக மார்பு வரை வருபவை. அவருடையதிலிருந்து பட்டையைக் கழற்றியதும் நான்தான், எங்கள் கராஜில் வைத்து.

அனோஜினி பேனாவை நிறுத்திவிட்டு, "ஐயா, இதையும் எழுதவோ?" என்று கேட்டார். எழுதுங்கள் அம்மா. ஒளித்து வைக்க என்ன இருக்கிறது? நானே எழுதி, நானே அனுப்பியதுதானே. அனுப்பிய நாலாவது நிமிஷம் குணசீலனிடமிருந்து போனில் ஒரு கட்டைவிரல் படம் வந்தது. கூடவே, 'சூப்பர் சார், பாத்துக்கலாம்'. பத்தொன்பது பக்கத்துக்கு நாலு நிமிஷம்.

படித்தவர் ஒருவர் உண்டு. மறுநாள் அருளம்பலம் கூப்பிட்டார். "அண்ணை, பதினோராம் பக்கத்திலை குணசீலன் சேருக்கு பெல்ட் இல்லையெண்டு கிடக்கு. மாறி அடிச்சுப் போட்டியளோ?" எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் பதினோராம் பக்கம் வரைக்கும் வந்திருக்கிறார். "வாங்கிக் குடுத்துடறேன்" என்றேன். அவர் நம்பினார். அவரைத் தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள். அன்றைக்கே திட்டத்தில் ஒரு திருத்தம் செய்தேன்: முதல் நாள் காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை அருளம்பலம் விடுதியிலேயே தங்கி இட்லி அவிக்க வேண்டும். திருத்தியதை இருவருக்கும் அனுப்பினேன். மறுபடியும் ஒரு கட்டைவிரல்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தது. எந்த நாளிலும் அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பட்டையை அந்த நிமிஷமே மாட்டிக் கொடுத்திருப்பேன். என் பையில்தான் அது இருந்தது.

இப்போது நான்காவது பத்திக்கு வருகிறேன். 'போதிய முன்திட்டமிடல் இல்லாததே இந்த விபத்துக்குக் காரணமாகத் தெரிகிறது.' அறிக்கையின் நகலை குணசீலனின் மனைவி பாரிஜாதம்தான் என்னிடம் காட்டினார். அழுதுகொண்டே, "நீங்க என்ன சார் பண்ணுவீங்க, விதி" என்றார். நான் அந்த ஒரு வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டமிடல் இல்லையாம். இருபத்தெட்டு வருஷம் ஒரு விரல் நசுங்காமல் பார்த்துக்கொண்டவனைப் பற்றி இப்படி எழுதலாமா? இரண்டு வாரமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். காலை ஆறு நாற்பது. மூன்றாம் மடு. பனி லேசாக விலகியிருந்தது. குணசீலன் கால்சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "எங்க சார் நிக்கணும்?" என்று கேட்டார்.

"திட்டத்துல இருக்கு" என்றேன்.

"அட போங்க சார்." சிரித்துக்கொண்டே இடது பக்கம் இறங்கினார்.

முழங்கால் வரை போனார். பிறகு தொடை. ஆறு நாற்பத்தாறுக்குக் கால் வழுக்கியது. தண்ணீர் உள்ளே புகுந்ததும் அவரால் எழ முடியவில்லை. ஆனால் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டார். ஆறு நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் படிக்க ஆறு நிமிஷம் தாராளம். நான் கரையில் பத்தடி தூரத்தில் நின்றேன்.

"கயிறு... கயிறு எங்க சார்?" என்று கத்தினார்.

"பதினாலாம் பக்கம், குணா" என்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று இரண்டாவது தடவையும் சொன்னேன்.

பதினாலாம் பக்கத்தில் குழப்பத்துக்கே இடமில்லை. 'கயிறு, இருபது மீட்டர், ஜெயராமின் முதுகுப்பையில்.' பை என் முதுகில்தான் இருந்தது. திட்டம் இருந்த அவருடைய போன் அவர் கழுத்திலேயே தொங்கியது, தண்ணீர் புகாத உறையில். அந்த உறைகளையும் நான்தான் வாங்கியிருந்தேன். நான் பொறுமையாகக் காத்திருந்தேன். கடைசி வரைக்கும் அவர் அதைத் திறந்து பார்க்கவே இல்லை.