உவைஸ் மெஸ்ஸுக்குப் போன மாவு

கௌதமன்: ...அப்ப யோசனை சொல்றதுக்குச் சம்பளம் தாராங்களா?

பொற்கொடி: கல்யாணமாகி இத்தன வருசங்கழிச்சு இன்னைக்குத்தான் கேக்கத் தோணுச்சுங்களா?

கௌதமன்: இல்ல அம்மணி, எனக்குத் தெனமும் சும்மாவே சொல்றயே. தனியா பில்லு போட்டு வெச்சிருக்கயோன்னு பயமாப் போச்சு.

பொற்கொடி: ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. உக்கடத்துல அந்த பஸ்ஸு உரசப் பாத்துச்சு.

கௌதமன்: உரசல. நாந்தான் ஒதுங்கிக் குடுத்தேன். உனக்குத்தான் பயம், சேலைத் தலைப்ப முறுக்கிட்டே வர்ற.

பொற்கொடி: பயமெல்லாம் இல்ல... குளுருது, ஏசியக் கொறைங்க.

கௌதமன்: ஏசியே போடலியே கண்ணு. சரி, இப்படிப் பண்ணலாம். பொள்ளாச்சி முகாமுக்குப் போறதுக்குள்ள ஒருக்கா எங்கிட்டச் சொல்லிப் பாரு. இன்னைக்கு டெல்லியில இருந்து வர்ற பெரிய அதிகாரி நாந்தான்னு வெச்சுக்க.

பொற்கொடி: டெல்லி அதிகாரி சட்டையில மோட்டார் கிரீஸோட வரமாட்டாருங்க.

கௌதமன்: வைண்டிங் பட்டறைக்காரன அப்படியெல்லாம் எளப்பமாப் பேசாத. ம்... ஆரம்பிக்கறேன். மேடம், நெலச்சரிவுல வரிசையாக் கட்டுன லயன் ஊடெல்லாம் மண்ணாப் போயி, எஸ்டேட்டுக் குடும்பங்க முகாம்ல கெடக்குது. பொம்பளைங்க சம்பாதிக்க ஒரு வழி சொல்லுங்கன்னு உங்களக் கூப்பிட்டோம். ஆளுக்கொரு தையல் மெஷின் தாரோம்னும் சொன்னோம். நீங்க வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்க. ஏனுங்க?

பொற்கொடி: ஏன்னா, டவுன்ல இருக்கற டெய்லருங்களுக்கே தீபாவளி வந்தாத்தான் கை நெறைய வேலை. இவங்க தேயிலை கிள்ளினவங்க. என்னத்தத் தெச்சு யாருக்கு விப்பாங்க? போட்டோ எடுத்து முடிஞ்சதும் மெஷின் பாதி வெலைக்குப் போயிரும்.

கௌதமன்: அவங்களே மெஷின் வேணும்னு சொன்னாங்களே மேடம்?

பொற்கொடி: ஊடு போனவங்க எதக் குடுத்தாலும் வேணும்னுதான் சொல்லுவாங்க. ஒண்ண வேண்டாம்னு சொன்னா அடுத்தது வராதுன்னு பயம்.

கௌதமன்: அட, இது நல்லாருக்குது. அப்படியே சொல்லு.

பொற்கொடி: நெசமாத்தான். மொத நாளு முகாம் மண்டபத்துல அத்தன பேரும் உக்காந்திருந்தாங்க. நான் கேக்கறேன், யாரும் வாயத் தொறக்கல. செவ்வந்தின்னு ஒரு புள்ள, அம்மாவ மண்ணுக்குள்ள விட்டுட்டு வந்தவ, அவ மட்டும் "நீங்க சொல்றதையே எழுதிக்கங்கக்கா"ன்னா.

கௌதமன்: அன்னைக்கு ஊட்டுக்கு வந்து நீ சோறே உங்கல.

பொற்கொடி: அப்பத்தான் வானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஒரே ஒரு இடி. அவ்வளவுதானுங்க... அத்தன பொம்பளைங்களும் எந்திரிச்சு ஓடறாங்க. எங்கன்னு பாத்தா, வெளிய வெளையாடற புள்ளைகளத் தேடி. அவங்கவங்க புள்ளையத் தூக்கி இடுப்புல வெச்சுட்டுத்தான் மூச்சே விட்டாங்க. டெல்லி அதிகாரி எதாச்சும் கேக்கோணும்.

கௌதமன்: இரு... கண்ணுல தூசி.

பொற்கொடி: புள்ளைய உட்டுட்டுப் பத்தடி போக முடியாதவங்ககிட்டப் போயி வேலை, வருமானம்னா என்னங்க அர்த்தம்? அதான், மொதல்ல புள்ளைகளப் பாத்துக்க ஒரு எடம் வேணும், அதுக்குப் பக்கத்துலயே வேலை வேணும்னேன். புள்ள அழுதா அம்மாளுக்குக் கேக்கோணும். அம்மாளு சத்தம் புள்ளைக்குக் கேக்கோணும்.

கௌதமன்: நாங்க வருமானத் திட்டம் கேட்டா நீங்க பால்வாடி கேக்கறீங்களே மேடம்!

பொற்கொடி: அதே வார்த்தையத்தான் கேட்டாங்க! உங்களுக்கு எப்படித் தெரியும்?

கௌதமன்: அன்னைக்கு ஊட்டுக்கு வந்து பாத்திரம் கழுவிட்டே அவங்க மாதிரியே பேசிக் காட்டுனயே. ரெண்டு தட்டு நெளிஞ்சுது.

பொற்கொடி: கோவம் வந்துச்சுங்க. போன ஊர்ல எல்லாம் இதே கூத்து. ஒடிசாவுல புயலடிச்சப்ப ஊறுகா, நேபாளத்துல பூகம்பம் வந்தப்ப மெழுகுவத்தி. செய்யறதுக்குச் சொல்லித் தாராங்க. யாரு வாங்குவாங்கன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல.

கௌதமன்: நீ கேட்ட.

பொற்கொடி: நான் இல்ல, அவங்கதான் கேட்டாங்க. செவ்வந்தியும் இன்னும் நாலு பேரும் பொள்ளாச்சி பூராவும் கடை கடையா ஏறி எறங்கினாங்க. என்ன வேணும், யாருகிட்ட வாங்கறீங்கன்னு. மெஸ்ஸு, ஹாஸ்டலு எல்லாத்துலயும் ஒரே பாட்டு: மாவாட்ட ஆளில்ல. அப்படித்தான் இட்லி மாவு.

கௌதமன்: தேயிலை கிள்ளின கை மாவாட்டுது. நெம்பப் பெருமையா இருக்குது அம்மணி. நெசமாச் சொல்றேன். பட்டறைக்கு வர்ற ஆளுககிட்ட எல்லாம் சொல்லிட்டேன். இனி ஒருத்தரும் பாக்கியில்ல.

பொற்கொடி: பம்புசெட் மோட்டாருக்குக் காயில் சுத்த வர்றவங்ககிட்ட இத எதுக்குங்க சொல்றீங்க?

கௌதமன்: காயில் சுத்தற நேரத்துல வேற என்னத்தப் பேசறது? மோட்டாரு வாங்கிட்டுப் போக வந்தவங்க, பொண்டாட்டி புராணம் முடிஞ்சாத்தான் போக முடியும்.

பொற்கொடி: சும்மா இருங்க... ஆனா இன்னைக்கு மொத வார்த்தையே உவைஸ் மெஸ்ஸப் பத்தித்தான் சொல்லப்போறேன்.

கௌதமன்: உவைஸா... அவனெதுக்கு?

பொற்கொடி: அதென்ன அப்படிக் கேக்கறீங்க? ஆரம்பத்துல யாரும் நம்பி வாங்கல. முகாம்ல ஆட்டற மாவு, சுத்தமா இருக்குமான்னாங்க. அவரு ஒருத்தருதான் மொத ஆளா வந்து தவறாம எடுத்தாரு. அவரு எடுக்கறதப் பாத்துத்தான் காலேஜ் ஹாஸ்டல் வந்துச்சு. அதப் பாத்து இன்னொண்ணு.

கௌதமன்: அதெல்லாம் எதுக்கு... பொதுவாச் சொல்லிப்போட்டு வந்துரு. நெறைய பேரு வாங்கறாங்கன்னு.

பொற்கொடி: பொதுவாச் சொன்னா யாரு நம்புவாங்க? உடுமலைப் பக்கம் இருக்கற ரெண்டு முகாமுக்கும் இதே மாதிரி பண்றதா, இல்ல தையல் மெஷினையே எறக்கறதான்னு இன்னைக்கு முடிவு பண்றாங்க. வாங்கறவங்க இரக்கப்பட்டு வாங்கல, தேவைக்கு வாங்கறாங்கன்னு நான் சொல்லோணும். அதுக்கு உவைஸ்தான் சாட்சி. அவரையும் வரச் சொல்லியிருக்கேன்.

கௌதமன்: அவன வரச் சொன்னயா!

பொற்கொடி: ஏனுங்க, பிரேக் போடறீங்க?

கௌதமன்: நாய் குறுக்க வந்துச்சு.

பொற்கொடி: எந்த நாய்?

கௌதமன்: அந்தப் பக்கம் ஓடிருச்சு.

பொற்கொடி: ஏனுங்க.

கௌதமன்: ம்.

பொற்கொடி: உவைஸ் கிரைண்டர் மோட்டார உங்ககிட்டத்தான ரிப்பேருக்குக் குடுக்கறாரு?

கௌதமன்: பொள்ளாச்சி வரைக்கும் ஊரே எங்கிட்டத்தான் குடுக்குது...

பொற்கொடி: என்ற மூஞ்சியப் பாருங்க.

கௌதமன்: ரோட்டைப் பாத்து ஓட்டச் சொன்னது நீதான்.

பொற்கொடி: வண்டிய ஓரங்கட்டுங்க.

கௌதமன்: கிணத்துக்கடவு தாண்டிட்டமே, இன்னும் கொஞ்சந்தான்...

பொற்கொடி: ஓரங்கட்டுங்கன்னேன்.

கௌதமன்: ...கட்டிட்டேன். ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது.

பொற்கொடி: சொல்லுங்க.

கௌதமன்: நீ ராவெல்லாம் தூங்காம புரண்டுட்டே கெடந்த. ஒருத்தரும் வாங்க மாட்டேங்கறாங்கன்னு பொலம்பின. எனக்கு மனசு கேக்கல. உவைஸ்கிட்டப் போயி... கொஞ்சம் பணத்தக் குடுத்து, முகாம் மாவ வாங்கிக்கய்யா, கொஞ்ச நாளைக்கு என்ற காசுன்னு...

பொற்கொடி: உங்க காசுல.

கௌதமன்: கொஞ்ச நாளைக்குத்தான் அம்மணி. அப்புறமேட்டுக்கு அவன் காசு கேக்கவே இல்ல.

பொற்கொடி: அப்ப அவரு தேவைக்கு வாங்கல. நான் இத்தன நாளா ஊர் ஊராப் போயி எதச் செய்யக்கூடாதுன்னு சண்டை போடறனோ, அத என்ற ஊட்டுலயே பண்ணிப்போட்டீங்க.

கௌதமன்: உனக்கு ஒத்தாசைன்னுதான்...

பொற்கொடி: என்னைய உடுங்க! அவங்களுக்கு இதுக்கு என்ன பேரு, பிச்சைதான? விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு ஆட்டறாங்க. நம்ம மாவ ஒருத்தரு தேடி வாங்கறாருன்னு அந்த செவ்வந்தி மூஞ்சியில ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க... அது பொய்யா?

கௌதமன்: கண்ணு...

பொற்கொடி: என்ற மேல நம்பிக்கை இல்லாமப் போச்சு உங்களுக்கு.

கௌதமன்: நம்பிக்கை இல்லாம இல்ல. நீ தோத்துட்டு வந்து நிக்கறத என்னால பாக்க முடியாது. அவ்வளவுதான்.

பொற்கொடி: தோத்தாத் தோத்துட்டுப் போறேன். வண்டிய எடுங்க.

கௌதமன்: திரும்பி ஊட்டுக்கா?

பொற்கொடி: முகாமுக்கு. நடந்ததச் சொல்லிப்போடறேன். மொத வாடிக்கை என்ற ஊட்டுக்காரரு காசுல வந்தது, இத நம்பி அடுத்த முகாமுக்குப் போக வேண்டாம்னு.

கௌதமன்: சொன்னா மெஷினு வந்து எறங்கிரும்!

பொற்கொடி: எறங்கட்டும்.

கௌதமன்: இனி உன்னைய வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க அம்மணி.

பொற்கொடி: கூப்பிடாட்டிப் போகுது. யோசனை சொல்றவ பொய் சொன்னா, அத நம்பி இன்னொரு ஊர்ல ஒருத்தி மோசம் போவா. எடுங்க வண்டிய.

கௌதமன்: ...நானே அவங்க முன்னாடி சொல்றேன். தப்பு என்றது.

பொற்கொடி: நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். இது என்ற வேலை.

கௌதமன்: தண்ணியாச்சும் குடி.

பொற்கொடி: வேண்டாம்.

கௌதமன்: பாட்டில மடியில வெச்சுட்டே பொள்ளாச்சி வரைக்கும் வந்துட்ட... முகாம் வந்துருச்சு. அங்க பாரு, செவப்புச் சேலையில... செவ்வந்தியா?

பொற்கொடி: அவதான். நீங்க வண்டியிலயே இருங்க.

செவ்வந்தி: அக்கா! வந்துட்டீங்களா? டெல்லிக்காரங்க இன்னும் வரல. வாங்கண்ணா, எறங்குங்க. ஏன் ரெண்டு பேரு மூஞ்சியும் இப்படி இருக்கு?

பொற்கொடி: செவ்வந்தி, அவங்க வர்றதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். கேட்டா உனக்குக் கஷ்டமா இருக்கும்.

செவ்வந்தி: என்னக்கா... முகாம காலி பண்ணச் சொல்றாங்களா?

பொற்கொடி: அதில்ல. உவைஸ் மெஸ்... அவரு உங்க மாவ அவரா வாங்கல. இவருதான் காசு குடுத்து வாங்க வெச்சிருக்காரு. எனக்கே இப்ப வழியிலதான் தெரிஞ்சுது. உங்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன் அம்மணி.

செவ்வந்தி: ஐயோ, அதுவா!

பொற்கொடி: சிரிக்கற?

செவ்வந்தி: அண்ணன் ஒளறிட்டாரா?

கௌதமன்: என்னம்மா, உனக்கு... தெரியுமா?

செவ்வந்தி: மொத நாளே தெரியுங்கண்ணா. உவைஸ் அண்ணன் அந்தக் காசை எடுத்துட்டு நேரா இங்க வந்து எங்க கையில குடுத்துட்டாரு. "என் மெஸ்ஸுல சாப்பிடறவன் நாக்குக்கு கௌதமன் காசு தெரியாது, மாவு நல்லாருந்தா என் காசுல வாங்கறேன், இல்லாட்டி வேண்டாம்"னுட்டாரு.

பொற்கொடி: அவரா சொன்னாரு?

செவ்வந்தி: சொன்னது மட்டுமாக்கா? மொத நாள் மாவு புளிச்சுப்போச்சுன்னு அப்படியே திருப்பி அனுப்பிட்டாரு. அன்னைக்கு பூரா எல்லாரும் அழுதோம். அப்புறம் உளுந்த மாத்தி, ஊற வைக்கிற நேரத்த மாத்தி... மறுபடியும் ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாரு. அதுக்கப்புறந்தான் எடுக்க ஆரம்பிச்சாரு.

பொற்கொடி: எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

செவ்வந்தி: சொன்னா நீங்க அண்ணன்கூட சண்டைக்குப் போவீங்க. அண்ணன்கிட்டக் காசைத் திருப்பிக் குடுத்தா அவரு மனசு ஒடிஞ்சுருவாருன்னு உவைஸ் அண்ணன் சொன்னாரு. அதான் எல்லாரும் உக்காந்து பேசி மறைச்சுட்டோம்.

கௌதமன்: அப்ப... என்ற காசு என்னம்மா ஆச்சு?

செவ்வந்தி: புள்ளைங்களுக்குப் பாயும் போர்வையும் வாங்கினோங்கண்ணா, ராத்திரி மழை பேஞ்சா எல்லாம் ஒண்ணா படுத்துக்கறதுக்கு. ஆனா உங்க காசு ஒரு டம்ளர் மாவுகூட வாங்கல. அக்கா, நீங்க பயப்படாம உள்ள போய்ச் சொல்லுங்க... வித்ததெல்லாம் நாங்க வித்ததுதான்.