காலி மனைச் சுண்டைக்காய்

பெஹாலாவிலிருந்து காளிகாட் போகும் மினிபஸ். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள் தமிழில் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்தேன்.

“சுண்டைக்காய்ச் செடிய நானே வெட்டிட்டேன்க்கா.”

“ஏண்டி? வருஷா வருஷம் அதுலதானே வத்தல் போடுவ?”

“கொசு வருதுன்னு மழைக்கு முன்னாடி காலி மனைய சுத்தம் பண்ண ஆளுங்க வந்தாங்க. இது எங்களுக்குச் சாப்பாடு, மருந்து, தொடாதீங்கன்னு சண்டை போட்டு அனுப்பிட்டேன்.”

“அதுக்கு?”

“பக்கத்து வீட்டுப் பொண்ணு மிஷ்டி டெங்குல போயிட்டா இல்ல? காரியம் முடிஞ்ச மறுநாள் போய் வெட்டினேன். செடிக்கு அடியில பிடி ஒடஞ்ச வாளி ஒண்ணு. அது நெறைய மழைத்தண்ணி. புழு நெளியுது.”

பெரியவள் அவள் பக்கம் திரும்பி, “அவ அம்மாவுக்குத் தெரியுமா?” என்றாள்.

“தெரியாது. நேத்து வந்து கேட்டா, ‘தீதி, அவ்வளவு ஆசையா வச்சிருந்தியே, ஏன் வெட்டின’ன்னு.”

“என்ன சொன்ன?”

“முள்ளு குத்துதுன்னு சொன்னேன். ஒடனே என் கையப் புடிச்சு, எங்க குத்திச்சுன்னு தடவித் தடவிப் பாக்குறாக்கா.”